குரல் போன காலத்தில் எனக்குக் கிடைத்த சபை

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது என் கணவர் கட்டிலோடு ஒட்டி நின்றார். தண்ணீர் கேட்கலாம் என்று வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. மயக்க மருந்தின் வேலையாக இருக்கும் என்று நினைத்து மறுபடியும் முயன்றேன். அப்போதும் காற்றுத்தான்.

கழுத்தில் வளர்ந்திருந்த கழலையை எடுத்துவிட்டார்கள். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, சிலருக்கு அது களைத்துப்போகும் என்று வைத்தியர் முன்னமே சொல்லியிருந்தார். கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். ஆனால் அந்தச் சிலரில் நான் ஒருத்தியாக இருப்பேன் என்று நினைக்கவேயில்லை. ஏனென்றால் என்னிடம் இருந்தது குரல் ஒன்றுதான்.

என் பெயர் ஜெசிந்தா. உப்புவெளிப் பக்கம் இருக்கிறோம். கணவர் ரவி, டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் கடலுக்குக் கூட்டிப்போகிறவர். நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பெரிய ஜெபக்கூட்டத்தில் பாட்டு நடத்தினேன். பள்ளிக்கூட வயதிலிருந்து பாடுகிறேன். நான் பாடத் தொடங்கினால் சனம் எழுந்து நிற்கும், கண்ணீர் விடும். ‘அக்கா பாடினால்தான் ஆவியானவர் இறங்குவார்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது கூச்சமாக இருக்கும். சந்தோசமாகவும் இருக்கும்.

அந்தச் சபையைப் பற்றிக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. என்னை அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். நான் வைத்தியசாலையில் கிடந்தபோது மாறி மாறிச் சோறு கொண்டுவந்தார்கள். உபவாசம் இருந்தார்கள். நவம்பர் மாதம் சுகமளிக்கும் கூட்டம் ஒன்று வைத்தபோது என்னை முன்னுக்கு அழைத்தார்கள். தலைமைப் போதகர் என் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். பிறகு ஒலிவாங்கியை என் வாயருகே பிடித்தார்.

“சொல்லுங்கோ சகோதரி. அல்லேலூயா எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். ஒலிபெருக்கியில் காற்றடிக்கும் சத்தம் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் காற்று. பிறகு அவர் சனத்தின் பக்கம் திரும்பினார்.

“எங்கயோ ஒரு அவிசுவாசம் தடையா நிக்குது. நாங்கள் விடக்கூடாது.”

என்னை நோகடிக்க அவர் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விசுவாசம் இருந்தால் குரல் வரும். குரல் வரவில்லை. அப்படியென்றால் எனக்கு விசுவாசம் இல்லை. விசுவாசம் இல்லாதவள் கர்த்தருடையவளா? இல்லை. எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் அதே இடத்தில்தான் போய் முட்டினேன். அதற்குப் பிறகு அங்கே போக எனக்குக் கால் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வேதாகமத்தைத் திறந்தால் எல்லா வசனமும் என்னைக் கேள்வி கேட்டது. ஒருநாள் ரவி பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“உன்ர பாட்டு நிண்டா கடவுளும் நிண்டிடுவாரோ?”



மழைக்காலம் தொடங்கி, படகுகளைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் பகல், மழை வர முந்தி எடுத்துவிடலாம் என்று கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே அந்த ஈர உடுப்புகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது ஜெபித்தேன். ‘கர்த்தாவே, குரலைத் தராவிட்டாலும் பரவாயில்லை. நீர் எங்கே இருக்கிறீர் என்று மட்டும் காட்டும். எனக்கு நிச்சயமாகத் தெரியவேண்டும். அந்த இடத்தில் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன்.’

வேறொன்றும் கேட்கவில்லை. அந்த ஜெபத்துக்குத்தான் பதில் வந்தது.

ரவியோடு படகில் வேலை செய்கிற தயாளன் சாம்பல்தீவுக்காரர். அவருக்கும் மனைவி நிரோஜாவுக்கும் ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் லூத்தரன் சபை. அப்படியொரு சபை நம்முடைய பக்கத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. போக விருப்பமும் இல்லை. குழந்தைக்காகப் போனேன்.

தகரக் கூரை போட்ட சின்ன மண்டபம். பிளாஸ்டிக் கதிரைகள். இசைக்குழு என்று எதுவும் இல்லை. போதகர் எஸ்ரா என்னைவிட வயதில் குறைந்தவர், மலையகத்திலிருந்து வந்தவர். பிரசங்கத்தைத் தாளில் எழுதிவைத்து வாசித்தார், அதிலும் இடையிடையே தடுமாறினார். பாட்டு ஒழுங்கான சுருதியில் போகவில்லை. எனக்குக் காது கூசியது. பழக்கதோஷம், எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருந்தேன்.

பிரசங்கத்தின் நடுவில் மழை கொட்டியது. தகரத்தில் விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் குரலை உயர்த்திக் கத்துவார் என்று பார்த்தேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, “மழை விடட்டுங்க. இது கேக்காமப் போனா நாம கூடினதுல பிரயோசனமில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் பேசாமல் காத்திருந்தோம். மழை தணிந்ததும் எழும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாம் கடவுளிடம் ஏறிப்போன கதையை அல்ல, அவர் நம்மிடம் இறங்கிவந்து சிலுவையில் செய்து முடித்ததைச் சொன்னார். ‘இதில் சேர்க்க உங்களிடம் ஒன்றும் இல்லை, சேர்க்கவும் வேண்டாம்’ என்றார்.

பிறகு ஞானஸ்நானம். நிரோஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனாள். குழந்தை நல்ல நித்திரை. போதகர் மூன்று தரம் அதன் தலையில் தண்ணீர் வார்த்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னார். குழந்தை ஒருமுறை மூக்கைச் சுருக்கிவிட்டுத் திரும்பவும் நித்திரையாகிவிட்டது. சனம் சிரித்தது. போதகரும் சிரித்துக்கொண்டு சொன்னார்.

“பாத்தீங்களா, இந்தப் பிள்ள ஒரு வார்த்த பேசல. பேச அதுக்குத் தெரியாது. இன்னைக்குப் பேசினது கடவுள். நீ என்னோட பிள்ளன்னு அவர் சொல்லிட்டார். அது போதும்.”

நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பேசத் தெரியாத ஒரு பிள்ளை. பேச முடியாத நான். இவ்வளவு நாளும் நான் கடவுளை நோக்கிப் பாடுவதுதான் சபை என்று நினைத்திருந்தேன். இங்கே அவர் பேசுகிறார், அந்தப் பிள்ளை பெற்றுக்கொள்கிறது. எனக்குள் முட்டிக்கொண்டு நின்ற ஏதோ ஒன்று விலகியது.

ஆராதனை முடிந்து வெளியே தேத்தண்ணி தந்தார்கள். நான் போதகருக்குக் கிட்டப் போனேன். என்னால் காற்றுக் குரலில் கிசுகிசுக்க மட்டுமே முடியும் என்பதால் அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

“ஐயா, இது உண்மையான சபை எண்டு எப்பிடி அறியிறது?” என்று கேட்டேன். மரியாதையில்லாத கேள்விதான். ஆனால் எனக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அவர் கோபிக்கவில்லை.

“கூட்டத்தப் பாத்துச் சொல்ல ஏலாதுங்க அக்கா. பாட்டப் பாத்தோ, என்னப் பாத்தோ சொல்லவே வேணாம். ரெண்டே விஷயம் பாருங்க. கிறிஸ்து நமக்காகச் செஞ்சத கலப்பில்லாமச் சொல்றாங்களா? ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் அவர் சொன்ன மாதிரியே குடுக்குறாங்களா? அப்பிடின்னா அவர் அங்க இருக்கார். அவர் இருக்கிற இடம்தான் சபை.”

“அப்ப விசுவாசம்?”

“அந்தச் செய்தியக் கேட்டுத்தானே விசுவாசம் வருது. நீங்க உண்டாக்கிக் கொண்டுவரணும்னு இல்ல.”

நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற ரவி, “ஓம், இதைத்தான் நான் அவவுக்குச் சொல்லேலாமல் நிண்டனான்” என்றார்.

அதற்குப் பிறகு போதகர் வாராவாரம் வீட்டுக்கு வந்து எங்கள் இருவருக்கும் படிப்பித்தார். எனக்கு ஒரு பயம் இருந்தது. முந்திய சபையில் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள் நான். மறுபடியும் எடுக்கவேண்டுமோ என்று கேட்டேன்.

“பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல தண்ணியில எடுத்தீங்களா?”

“ஓம்.”

“அப்ப அது கடவுள் செஞ்சது அக்கா. அவர் செஞ்சத நான் திருப்பிச் செய்ய மாட்டேன். அங்கயும் அவர் உங்களத் தொட்டிருக்கார்.”

அந்தப் பதில் எனக்குள் இருந்த கசப்பையும் எடுத்துவிட்டது. நான் வளர்ந்த இடத்தை வெறுக்காமலே இந்த இடத்துக்கு வர முடிந்தது.

முதன்முதலாகத் திருவிருந்துக்கு முழங்காலிட்ட ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம். போதகர் அப்பத்தை என் கையில் வைத்து, “உனக்காகக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம்” என்றார். உனக்காக. அந்தச் சொல்லுக்காகத்தான் நான் அவ்வளவு காலம் அலைந்தேன். ‘ஆமென்’ என்று வாயசைத்தேன். சத்தம் வரவில்லை. யாரும் என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. திராட்சரசக் கிண்ணம் என்னிடம் வந்தது.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஈஸ்டருக்குப் பிறகு சபைக்குள் ஒரு பெரிய சண்டை. ஒரு குடும்பம் கலியாண வீட்டுக்கு இரவலாகக் கொண்டுபோன சபைக் கதிரைகளில் சில கால் உடைந்து திரும்பி வந்தன. இன்னொரு குடும்பம் அதைப் பெரிதாக்கியது. ஆராதனை முடிந்த கையோடு முற்றத்தில் நின்று ஆளையாள் ஏசினார்கள். தடுக்கப்போன போதகரும் பொறுமை இழந்து, “வாய மூடுங்க ரெண்டு பேரும்!” என்று கத்திவிட்டார். எனக்கு மனம் உடைந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ரவியிடம், “இங்கயும் மனுசர் இப்பிடித்தான். நாங்கள் பிழையான இடத்துக்கு வந்திட்டமோ?” என்று கிசுகிசுத்தேன்.

“அந்தப் போதகர் தன்னைப் பாக்க வேண்டாம் எண்டு முதல் நாளே சொன்னவரெல்லோ” என்றார் ரவி.

அடுத்த ஞாயிறு பாவஅறிக்கைக்கு முன் போதகர் எங்களைப் பார்த்து நின்றார். “போன கிழம நானும் கோவத்துல கத்தினேன். இன்னைக்கு உங்களோட சேந்து நானும் மன்னிப்புக் கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு எங்களைப்போல முழங்காலிட்டார். பிறகு எழும்பி, கிறிஸ்துவின் கட்டளைப்படி பாவமன்னிப்பை அறிவித்தார். அவருக்கு அதில் எவ்வளவு தகுதி என்று நான் யோசிக்கவில்லை. மன்னிப்பு அவருடையது அல்ல. திருவிருந்து நேரம் அந்த இரண்டு குடும்பத் தலைவர்களும் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டார்கள், ஒரே கிண்ணத்தில் குடித்தார்கள். வெளியே வந்தபோது ஒருவர் மற்றவருடைய மோட்டார் சைக்கிளைத் தள்ளி வழிவிட்டார். பெரிய சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. ஆனால் நல்ல மனுசர் கூடியதால் அது சபையாகவில்லை, மன்னிக்கிறவர் அங்கே இருப்பதால்தான் அது சபை என்பது எனக்கு விளங்கியது.

குரல்? அதையும் சொல்லவேண்டும். வைத்தியசாலையில் பேச்சுப் பயிற்சி தந்த இளம் பெண்பிள்ளை மிகப் பொறுமையாகச் சொல்லித்தந்தார். நானும் விடாமல் செய்தேன். ஆனால் ஜெபத்தில் குரலைக் கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டிருந்தேன். ஒருநாள் காலை முற்றத்தில் கருவாடு காயவைத்திருந்தேன். குசினி வாசலில் நின்று பார்க்கும்போது காகம் ஒன்று நல்ல பெரிய துண்டைக் கொத்தித் தூக்கப்போனது.

“ஏய்!”

கத்தியது நான்தான். காகம் போட்டுவிட்டுப் பறந்தது. படகின் எஞ்சினோடு மினக்கெட்டுக்கொண்டிருந்த ரவி கையிலிருந்த திருகுசாவியைக் கீழே போட்டுவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். “இன்னொருக்காக் கத்து” என்றார். கத்தினேன். ஆம்பிளைக் குரல் மாதிரிக் கரகரப்பாக வந்தது. சிரித்தோம், அழுதோம். அந்த நடுவில் காகம் திரும்பி வந்து கருவாட்டைக் கொண்டுபோய்விட்டது.

நரம்பு மெல்ல மெல்லத் தேறியிருக்கிறது என்றார் வைத்தியர். அவருக்கும் பயிற்சி தந்த பிள்ளைக்கும் நன்றி, அவர்கள் கையால் செய்த ஆண்டவருக்கும் நன்றி. பழைய குரல் வரவில்லை. மேல் சுருதிக்கு ஏறாது. இப்போது மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கீழ்க்குரலில் பாடுகிறேன். சுருதி தவறுகிறவர்களோடு நானும் தவறுகிறேன். எவ்வளவு நிம்மதி!

சில வாரங்களுக்கு முன் சந்தையில் பழைய சபையின் தலைமைப் போதகரைக் கண்டேன். என் குரலைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டார். உண்மையான சந்தோசம் அது.

“சகோதரி, வந்து சாட்சி சொல்லுங்கோ. குரல் திரும்பினதைச் சனம் கேக்கவேணும்.”

“வாறன் பாஸ்டர். ஆனால் குரல் வராத நாளில எனக்குக் கிடைச்சதைத்தான் சொல்லுவன்” என்றேன்.

“அதையும் சொல்லுங்கோ” என்றார் அவர். போய்ச் சொன்னேன். அங்கே சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தன் விசுவாசம் போதாது என்று நினைத்து வீட்டுக்குள் முடங்கியிருந்தால், உங்களுக்கு ஒன்று சொல்ல எனக்கு ஆசை. உங்கள் நெஞ்சைத் தோண்டித் தோண்டி விசுவாசத்தைத் தேடாதீர்கள். கிறிஸ்து உங்களுக்காகச் செய்து முடித்ததைச் சொல்கிற இடத்துக்குப் போய் உட்காருங்கள். அந்த இடம் சின்னதாக இருக்கலாம், பாட்டு மோசமாக இருக்கலாம், சனம் சண்டைக்காரராக இருக்கலாம். காதைக் கொடுங்கள். ஞானஸ்நானத்தில் அவர் உங்களுக்குச் சொன்னதை நினையுங்கள். அப்பமும் திராட்சரசமும் உங்களுக்காக என்று நீட்டப்படும்போது கையை நீட்டுங்கள். உங்களுக்கு ஜெபிக்கச் சொல் வராவிட்டால் பரவாயில்லை. அவர் பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்கும் போதும்.