பூசை முடிந்ததும் ஒரு மாத்திரை

சிரிக்க வைத்துச் சொன்னால் நோயாளிக்கு மறக்காது என்று நம்பிய வடிகட்டின மடையன் நான். அந்த மடத்தனம் ஒரு பெண்ணைக் கொன்றது. பழியை அவள் தலையிலேயே போட்டேன்!

எண்பதுகளின் கடைசி. பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சி உதவியாளனாக இருந்தேன். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. உடம்பில் ஃபோலேட் சத்தின் வேலையைத் தடுக்கும் சரக்கு அது. வாரம் ஒன்றுதான் விழுங்கலாம். மிஞ்சினால் இரத்த அணுக்கள் வற்றிக் கண்ட பாக்டீரியாவும் உள்ளே குடியேறும். அதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமித்தொற்று கூடுகிறதா என்பதே டாக்டரின் ஆராய்ச்சி. மாத்திரையைக் கொடுத்து விளக்குவது என் வேலை.

விளக்கினேனா? நடித்தேன்!

பாரிவாக்கத்துப் பிலோமினா அக்காவுக்கு விரலெல்லாம் இஞ்சிக் கிழங்காய் வீங்கியிருந்தது. "எப்போ போடணும் நைனா?" என்றார்.

நான் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக் காட்டினேன். "கோயில்ல பூசை முடிஞ்சதும் ஒண்ணு! சாமியார் நன்மை அப்பம் குடுப்பாரு, நான் மாத்திர குடுக்கறேன்."

வரிசையே சிரித்தது. நான் நினைத்தது ஞாயிற்றுக்கிழமையை. 'வாரம்' என்ற சொல் என் வாயில் வரவேயில்லை...

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் பிறந்தது. அக்கா தினமும் பூசைக்குப் போனார். தினமும் விழுங்கினார்.

வாயெல்லாம் புண்ணாகி வந்து நின்றார். அப்போது நான் செய்ததைக் கேளுங்கள். அவர் கணவரிடம், "சூசை அண்ணாத்தே, இனிமே ஊட்ல நிம்மதிதான்! அக்கா வாயே தொறக்காது" என்றேன். அவர் சிரித்தார். அக்காவும் சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்து இரத்தம் வந்தது. டாக்டரிடம் காட்டாமலே திருப்பி அனுப்பினேன்.

அடுத்து, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரத்தம் முழுக்கக் கிருமி. மாத்திரைப் புட்டி காலி!

டாக்டர் என்னைப் பார்த்தார். வேலை போய்விடுமே! "வாரம் ஒண்ணுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன் சார். இந்தம்மாதான் தெனமும் முழுங்கிட்டாங்க" என்றேன்.

கால்மாட்டில் சூசை நின்றார். கட்டிலில் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னையே பார்த்தார். புண்ணான வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது...

ஈஸ்டர் ஞாயிறுக்குள் அடக்கமும் முடிந்தது.

பல வருடம் கழித்துக் குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் சூசையைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகும் என்ற ஆசை வேறு... எப்படிப்பட்டவன் நான், பாருங்கள்!

அவர் கையை ஓங்கவில்லை. சாலையைப் பார்த்தபடி சொன்னார்:

"கூறுகெட்டவளேன்னு திட்டிக்கினேதான்டா அவள பொதைச்சேன்."