நாலு ஓமுக்குத் தளராத பெட்டி

குளச்சலில் இஞ்ஞாசியின் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ரெண்டு கதவ எதுக்கு முன்னறையில நிறுத்தி வச்சிருக்கிய?" என்பதுதான். அவை கதவுகள் அல்ல, ஸ்பீக்கர்கள். ஆள் உயரம், இரண்டு விரல் கனம், மேலே சாம்பல் துணி. மற்ற ஸ்பீக்கர்களைப் போலப் பெட்டியோ கூம்போ கிடையாது. காந்த வரிசைக்கு முன்னால் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய தாள். அதில் ஒட்டிய உலோக இழையில் கரண்ட் ஓடினால் தாள் முழுவதும் அதிர்ந்து பாடும். இஞ்ஞாசி இதைப் பொறுமையாக விளக்குவான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தாழ்ப்பாள் எங்கே என்று தேடுவார்கள்.

குவைத்தில் ஒரு லெபனான்காரக் கிழவருக்குப் பல வருடம் கார் ஓட்டியவன் அவன். 2010-ல் கிழவர் வீட்டைக் காலி செய்தபோது, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். மற்ற வேலைக்காரர்கள் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் அடித்துக்கொண்டார்கள். இவன் இந்த இரண்டையும் கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றினான். ஆம்ப்ளிஃபயரைக் கிழவர் முன்பே மகனுக்குக் கொடுத்துவிட்டார். அது இல்லாவிட்டால் இவை வெறும் தட்டிகள். இஞ்ஞாசியின் மனைவி குளோரி அந்தப் பெயரையே வைத்துவிட்டாள்.

அவன் ஏன் இவற்றைத் தூக்கி வந்தான் என்பது அவளுக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் வளைகுடாவுக்குப் போனவர்களின் வீட்டார் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, விடுமுறை முடிந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். குளோரியும் அனுப்புவாள். ஒரு வெள்ளிக்கிழமை, கார் டேப் நாடாவைத் தின்றுவிடுமோ என்று பயந்து நின்றவனைக் கிழவர் உள்ளே கூப்பிட்டு, தன் செட்டில் போடச் சொன்னார். இந்த ஸ்பீக்கர்களிலிருந்து குளோரி அறை நடுவில் வந்து நிற்பது போலப் பேசினாள். இஞ்ஞாசி திரும்பியே பார்த்துவிட்டான். அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. தான் அன்று கேட்டதை அவளும் ஒருமுறை அப்படியே கேட்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். இதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் பிடிவாதம் வேறு ரகம். "கேட்டா மனசிலாவும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

"கிறிஸ்மஸுக்குள்ள இது பாடணும்," என்றாள் குளோரி. "இல்லெண்ணா ரெண்டும் கோழிக்கூட்டுக்கு மறைப்பாட்டு போயிரும், பாத்துக்கிடுங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. அவன் ஆசையாகக் கொண்டுவந்த உடற்பயிற்சி சைக்கிளில் இப்போது நெத்திலி காய்கிறது.

முதலில் உதவிக்கு வந்தவன் குளோரியின் தம்பி யூஜின். மைக் செட் வைத்திருக்கிறான். "நம்மகிட்ட ஆயிரம் வாட்டு கெடக்கும்போ ஆம்ப்ளிஃபயருக்கு ஏன் மச்சான் அலையுதிய?" என்று தூக்கிவந்தான். திருநாளுக்குத் தெரு நீளம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற பழக்கத்தில், குழாய்க்கான நூறு வோல்ட் முனையிலேயே ஸ்பீக்கர் வயரையும் சொருகினான். டப். ஸ்பீக்கரின் முதுகில் இருந்த ஃபியூஸ் போயிற்று. யூஜின் கலங்கவில்லை. வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவினான். "இத முறுக்கி விட்டா ஆயுசுக்கும் போவாது."

இஞ்ஞாசி அவன் கையைத் தட்டிவிட்டான். "ஏலே, ஃபியூஸ் போனது நம்ம புண்ணியம். கம்பியப் போட்டா அடுத்தால தாளாக்கும் கருகும்."

புது ஃபியூஸ் போட்டு, சரியான முனையில் மாட்டிப் பார்த்தார்கள். மைக் செட்டு டேப்பில் இஞ்ஞாசி பத்திரமாக வைத்திருந்த அந்தப் பழைய கேசட்டைப் போட்டான்; குளோரியின் குரல் வந்தது. கோயில் முற்றத்தில் காணாமல் போன சாவிக்கொத்தை அறிவிக்கிற குரலாக வந்தது.

"நல்லாத்தான கேக்குது?" என்றான் யூஜின்.

"சத்தம் கேக்குது. ஆளக் காணல்ல."

அடுத்தது தக்கலையில் ஒரு கடை. மாட்டிப் பார்க்கக் கொடுத்த ஹோம் தியேட்டர் பெட்டியின் அட்டையில் ஐநூறு வாட் என்று கொட்டை எழுத்து. வீட்டில் மாட்டினால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை சிவப்பு விளக்கு எரிந்து மூச்சை நிறுத்தியது. உங்கள் ஸ்பீக்கர்தான் கோளாறு என்றான் கடைக்காரன். இஞ்ஞாசி மீட்டரை வைத்துப் பார்த்தான். ஸ்பீக்கரின் மின்தடை நாலு ஓமுக்குச் சற்றுக் கீழே. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. இந்தத் தாள் சரியான சோம்பேறி. நிறையக் கரண்ட் ஊட்டினால்தான் அசையும். கடைப் பெட்டிகளோ எட்டு ஓமில் சவடால் அடித்துவிட்டு, நாலு ஓமைக் கண்டதும் இளைக்கின்றன.

அன்றிலிருந்து அவனிடம் ஒரே கேள்விதான். ஊர் திரும்பியபின் மீன் வண்டி ஓட்டினான் என்பதால், லோடு இறக்கிய ஊரிலெல்லாம் அதைக் கேட்டான். "எட்டு ஓமுல எத்தன வாட்டு, நாலு ஓமுல எத்தன வாட்டு?" நாலில் ஏறக்குறைய இரட்டிப்பு என்றால் அது யோக்கியமான பெட்டி. நாகர்கோவிலில் சிரித்தார்கள். மார்த்தாண்டத்தில் கலர் விளக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். அவன் வெட்கப்படவில்லை. அடுத்த கடையிலும் அதையே கேட்டான்.

தேங்காய்ப்பட்டணத்தில் ஜக்கரியா வளைகுடாப் பழைய சாமான் கடை வைத்திருந்தார். அங்கே துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. முகத்தில் இரண்டே திருகு குமிழ். முதுகில் எழுதியிருந்தது: எட்டு ஓமுக்கு அறுபது, நாலு ஓமுக்கு நூற்றுப் பதினைந்து. இஞ்ஞாசி தூக்கிப் பார்த்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளே நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான்.

"அண்ணே, இதுல ஒரு லைட்டுகூட எரியாது," என்றார் ஜக்கரியா. "ஆயிரம் வாட்டு அங்ஙன இருக்கு."

"இது மதி, வேற வேண்டாம். நாளைக்கு வாறேன்."

மறுநாள் ஒரு ஸ்பீக்கரைப் போர்வையில் சுற்றி மீன் வண்டியிலேயே ஏற்றி வந்தான். கடையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இஞ்ஞாசி கடை டேப்பில் கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடினான். குளோரி பேசிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் மூச்சு ஒரு நொடி தடுக்கியது. சட்டென்று நிறுத்தினான்.

"முழுசும் கேக்கல்லியா?"

"பாக்கி வீட்டுல."

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம். குளோரி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். தட்டிகள் கோழிக்கூட்டுக்குப் போவதைப் பார்க்கவே வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். இஞ்ஞாசி டேப்பின் பொத்தானை அழுத்தினான்.

இளவயதுக் குளோரி அறைக்குள் வந்து நின்றாள். கூரைக்கு ஓடு மாற்றியதைச் சொன்னாள். மழையைச் சொன்னாள். பிறகு, "ஜிஷாவுக்கு..." என்று எச்சில் விழுங்கினாள். "சொவந்தான். நீங்க ஒண்ணும் வெப்ராளப்படாண்டாம்."

உள்ளி உரித்த கை நின்றுவிட்டது. கைக்குழந்தை ஜிஷா அன்று மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குளோரி வீட்டுக்கு ஓடிவந்து, முகம் கழுவி, சிரித்த குரலில் பேசிய கேசட் இது. அடுத்த மாதமே இஞ்ஞாசி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். முதலாளி தானாக லீவு கொடுத்தார் என்றான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், இப்போது பெங்களூரில் நர்ஸிங் படிக்கிறாள். குளோரி அந்த லீவை இத்தனை காலம் மாதாவின் அருள் என்று நம்பியிருந்தாள்.

"நான் அண்ணு பொய்யாக்கும் சொன்னேன்," என்றாள்.

"தெரியும். இதுலதான கேட்டேன். அப்பவே போய்க் கெழவருக்க காலப் பிடிச்சேன், லீவு தாரும் எண்ணு."

குளோரி ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது; உள்ளியின் மேல் பழி போட அவள் முயலவில்லை.

"ஒருத்தருக்கும் கேக்கல்லண்ணுல்லா நெனச்சேன்," என்றாள்.