பட்டு நூலில் கட்டிய குழாய்

என் குழந்தைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்து நான்கு நாளாகிறது. தொப்புளைத் துடைப்பதற்கு முன் மூன்று முறை கை கழுவுகிறேன். துடைத்த பிறகு, சரியாகத் துடைத்தேனா என்று மறுபடி விளக்கைக் கிட்டே வைத்துப் பார்க்கிறேன். படித்த பெண்ணுக்கு இத்தனை பயமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இந்தப் பயம் என் பதினோராவது வயதில் வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பிக்கு அப்போது நான்கு வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் அப்பா பட்டுக்குச் சாயம் போடுவார். டம்ளரில் கரைத்து வைத்திருந்த காஸ்டிக் சோடாவை மோர் என்று நினைத்துத் தம்பி குடித்துவிட்டான். உயிர் தப்பியது, உணவுக்குழாய் வெந்து அடைத்துக்கொண்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு, ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி அனுப்பினார்கள். அதன் முனையில் புனல் வைத்துப் பாலும் கஞ்சித் தண்ணீரும் ஊற்றுவோம். துளையைச் சுற்றிக் கொதித்தாறிய தண்ணீரால் துடைத்து, களிம்பு தடவி, குழாய் நழுவாமல் நாடாவால் இடுப்போடு கட்ட வேண்டும். காலையில் அது என் வேலை.

"கழண்டுக்கினா ஒடனே என்னாண்ட சொல்லணும், தெரியுதா?" என்பாள் அம்மா. ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த நாடாவில் எப்போதும் புளித்த பால் நாற்றம். கருட சேவையன்று தம்பியைத் தூக்கிக்கொண்டு நான் தெருமுனைக்குப் போக வேண்டும். என் வகுப்புப் பெண்கள் அங்கே நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி ஏற்கெனவே, உன் தம்பிக்கு வயித்துலதான் வாயாமே என்று கேட்டிருந்தாள். நான் நாடாவை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அப்பா சாயமிட்டு உலர்த்தியிருந்த சிவப்புப் பட்டு நூலில் கொஞ்சம் அறுத்து, நாலாக மடித்துக் கட்டினேன். பட்டைப் போல் உறுதியான நூல் உலகத்தில் கிடையாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். ஈர ரப்பரில் அது வழுக்கும் என்று தோன்றவேயில்லை.

தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபடியே காலை ஏழரை மணிக்குப் பெருமாள் வந்தார். கூட்டம் நெருக்கியது. தம்பி எம்பிப் பார்த்தான்.

"அக்கா, சட்ட நனையுதுக்கா."

"பேசாம சாமியப் பாருடா."

குழாய் என் பாவாடை மேல் விழுந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பெண்கள். குழாயைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன் பிறகு அம்மாவிடம் போகப் பயம். வீட்டுக்குள் நுழையாமல் அவனைத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இடையிடையே சட்டையைத் தூக்கிப் பார்த்தால் துளை சிறுத்துக்கொண்டே வந்தது. புண் ஆறுகிறது, சாமிதான் ஆற்றுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

மத்தியானம் தம்பி பசியில் துவண்டான். வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்து, குழாயை நீட்டினேன்.

"இப்பத்தாம்மா கழண்டுச்சு."

அம்மா என்னை நம்பினாள். நம்பியதால், குழாயைக் கொதிக்கவைத்து, தானே உள்ளே செருகப் பார்த்தாள். போகவில்லை. அழுத்தினாள். தம்பி வீறிட்டான், ரத்தம் வந்தது. அம்மா கையை எடுத்துவிட்டாள். அவன் சட்டையைத் தொட்டாள். பால் காய்ந்து மொடமொடவென்றிருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெல்லிய குழாயிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் பருமனாக்கித் துளையை மறுபடி விரித்தார். நாலு பேர் தம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் திரும்பவும் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கும் என்றவர், எப்போது கழன்றது என்று கேட்டார்.

"காலைல ஏழரை இருக்குங்க. எங்கைலதான் கழண்டுச்சு. நான்தான் பாக்காம உட்டுட்டேன்."

நீயெல்லாம் ஒரு தாயா என்று அவர் வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். அம்மா தலை குனிந்து நின்றாள்.

அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. அதனால் மத்தியானத்தையும் காலையையும் குழப்பிக்கொண்டு ஏதோ ஒரு நேரத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் படிக்காதது நல்லதாகப் போயிற்று என்று, அவள் புடவைக்குப் பின்னால் ஒளிந்து நின்றபடி, சந்தோஷப்பட்டேன்.