இன்ஸ்பெக்டருக்கு நாங்கள் வைத்த மரியாதை

எங்கள் அம்மாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சாம்பியன் ரீப்ஸில், எங்கள் லைனில், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து அம்மா பேசுவதைக் கேட்டார். நான் என் கண்ணால் பார்த்தவள். அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும்.

லைன் என்றால் தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் வரிசையே தும்மும். சுரங்கத்தில் தங்கக்கல் காணாமல் போனது என்று பேச்சு கிளம்பினால் ஜீப் நேராக எங்களிடம்தான் வரும். மேட்டில் இருந்த அதிகாரிகளின் பங்களாக்களுக்கு அதற்கு வழியே தெரியாது போலிருக்கிறது! வந்தவர்கள் கதவைத் தட்டமாட்டார்கள், உதைப்பார்கள். அரிசிப் பானையைக் கவிழ்ப்பார்கள். அடியில் கல்லைப் புதைத்திருப்போமாம், அதனால் அடுப்பையே பெயர்த்துப் போடுவார்கள். அன்றைக்குச் சோறு பக்கத்து வீட்டில். அங்கேயும் அடுப்பு பெயர்ந்திருந்தால் எல்லாருக்கும் பட்டினி.

அப்படித்தான் ஒரு காலையில் எங்கள் வீட்டுக் கதவை உதைத்துக்கொண்டு ஒரு மீசைக்காரக் கான்ஸ்டபிள் உள்ளே வந்தார், பின்னாலேயே மற்றவர்களும். தேடினார்கள், தோண்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காத கோபத்தில் மாமாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா அம்மாவின் தம்பி. சுரங்கத்தில் சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. என்ன தப்பு செய்தான் என்று ஸ்டேஷனில் போய்க் கேட்ட அப்பாவிடம், உங்க ஆளுங்க எல்லாரும் திருடனுங்கதானே என்று சொல்லி அனுப்பினார்களாம். உங்க ஆளுங்க என்றால் எங்கள் சாதி என்று அர்த்தம். அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் புரியும், எனக்கு மட்டும்தான் புரியவில்லை. நான் எங்கள் வீட்டு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

லாக்கப்பில் எத்தனை நாள் அடி தாங்குவான் என்ற கவலையில் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். லைனே கொதித்தது. குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், எங்கே நான்கு பேர் நின்றாலும் இதே பேச்சு. அந்தச் சமயம் பார்த்து ஸ்டேஷனுக்கு ஒரு புது இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்திருந்தார், மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். லைன் சார்பாகப் பெரியப்பா போய்க் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உங்கள் ஜனங்களோடு பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். இந்த வெற்றியில் பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொற்பொழிவு ஒத்திகை பார்த்தார்.

பேச்சு நடக்கிற இடம், புத்தர் படம் மாட்டியிருந்த எங்கள் தகரக் கூரை மன்றம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பாயில்தான் உட்கார வேண்டும். நாற்காலி கிடையாது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஸ்கூலிலிருந்து ஒரு நாற்காலி எடுத்துவரலாமா என்று பெரியப்பா இழுத்தார். "எதுக்கு? அவருக்கு முட்டி மடங்காதா?" என்று அம்மா கேட்டாள். நாற்காலி வரவில்லை.

பிள்ளைகளான எங்களைப் பெரியப்பா வாசலில் வரிசையாக நிறுத்தினார். "இன்ஸ்பெக்டர் வரசொல்ல எல்லாரும் மரியாதையா நிக்கணும். மானத்த வாங்கிடாதீங்க" என்றார். முதல் ஆளாக நின்றது நான். பெருமை தாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், உள்ளே பாய்களைப் பார்த்தார், குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அது லேசில் அவிழவில்லை. அவர் நிமிர்ந்தபோது நாங்கள் தயாராக இருந்தோம். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வாயை ஆவென்று திறந்து, நாக்கை நீட்டினேன். என்னைப் பார்த்து வரிசை முழுக்கக் கையைத் தூக்கியது, வாயைத் திறந்தது.

எங்களுக்குத் தெரிந்த மரியாதை அதுதானே! ஷிப்ட் விடும் நேரத்தில் நாங்கள் சுரங்கத்துக் கேட்டுக்கு வெளியே அப்பாக்களுக்காகக் காத்து நிற்போம். கேஜில், அதாவது சுரங்கத்து லிப்டில், மேலே ஏறி வந்த ஆட்கள் காக்கிச் சட்டைக் காவலர்கள் முன்னால் கையைத் தூக்கி வாயைத் திறந்து காட்டுவார்கள். காவலர்கள் தடவிப் பார்த்து 'போ' என்பார்கள். தங்கத்துக்காகச் செய்யும் சோதனை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? காக்கிக்கு வணக்கம் சொல்லும் முறை என்று நினைத்துக்கொண்டோம்.

இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறிப்போனது. "கை கெளகே இளிசி" என்றார். கையை இறக்கச் சொல்கிறார், அந்த அளவுக்குக் கன்னடம் எனக்கும் தெரியும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே!

"நீங்க இன்னும் தடவிப் பாக்கலியே? போன்னு சொன்னாத்தான் எறக்கணும்" என்றேன்.

அப்பா எழுந்து வந்தார். என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். நான் ஒழுங்காகச் செய்ததைக் கெடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

பெரியப்பா வாயைத் திறந்தார், சொற்பொழிவு வரவில்லை. அம்மாதான் எழுந்தாள்.

"ஐயா, இதுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கேட்டாண்ட நின்னு அப்பனுங்களப் பாத்துக் கத்துக்கிச்சுங்க. அதே கேஜுலதான் துரைங்களும் ஏறி வராங்க. அவங்க பசங்க காக்கியப் பாத்தா இன்னா பண்ணுதுங்கன்னு நீங்களே சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் பாயில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். "புள்ளத்தாச்சி படுத்துனு இருக்கசொல்ல கதவ ஒதச்சாங்களே, இன்னா நியாயம்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். உங்க ஆளுங்க என்று சொன்ன கதையை அப்பா சொன்னார், பாதியில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும் அழவில்லை. என் தம்பி இன்றைக்கு வீட்டுக்கு வர வேண்டும், வீட்டைத் தேட வருகிறவர்கள் வெளியே நின்று கேட்டுவிட்டு வர வேண்டும், தேடும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"மேல கேட்டுச் சொல்றேன்மா" என்றார் அவர், தட்டுத் தடுமாறிய தமிழில்.

"மத்ததெல்லாம் மேல கேளுங்க. சாவி உங்க ஸ்டேஷன்லதானே கீது? என் தம்பிய அனுப்பறதுக்கு யாரக் கேக்கணும்?"

அடேயப்பா, என்ன பேச்சு! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஒரு காக்கிச் சட்டைக்கு முன்னால் அப்படி நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டவளின் மகள் நான். அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது, நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா வெந்நீர் வைத்து ஊற்றினாள். அப்போதுதான் அழுதாள், வாய்விட்டு. வந்தவனைப் பார்த்து ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இனிமேல் கேட் பக்கம் பிள்ளைகள் யாரும் வரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டதாக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம், மறுபடியும் ஜீப் வந்தது. அம்மா ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது. வாசற்படிக்கு வெளியே, அதே மீசைக்காரக் கான்ஸ்டபிள், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"அம்மா, உள்ள வரலாங்களா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். களியைக் கிண்டி முடித்தாள். உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தாள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், எதிர்வீட்டு அக்காவைக் குரல் கொடுத்து வரச் சொன்னாள். எதிலும் அவசரமே இல்லை. வெளியே வெயில் கொளுத்தியது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்லி முதலில் தண்ணீர் கொடுப்பவள் அம்மா. அவளுக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று?

"வந்தவர வெயில்ல நிக்க வச்சிருக்கியேம்மா" என்று காதோடு சொன்னேன்.

"நிக்கட்டும்டி" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு களை. "நீயும் நல்லா பாத்துக்கோ."

நானும் நன்றாகத்தான் பார்த்தேன். வேர்த்து வழிந்துகொண்டு ஒரு மனிதர் நிற்பதுதான் தெரிந்தது. பாவம், அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.