லைன் போன பின் ஏழு பாயிண்ட்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக நூலகத்து மாடியில் வாரம் முழுக்க ஏதாவது ஒரு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். திங்கள் கம்ப்யூட்டர், செவ்வாய் ஓவியம், புதன் முட்டிவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி. ஆபரேட்டரம்மா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. அவள் வரைந்த பூனையைப் பார்த்து மகள், "ஆடு நல்லா இருக்கும்மா" என்றாள். ஒரு முட்டியில் இருந்த வலி புதன்கிழமை வகுப்புக்குப் போனதும் இரண்டு முட்டிக்கும் பரவியது. கடைசியில் வியாழக்கிழமை 'உங்கள் கதையை எழுதுங்கள்' வகுப்பில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

எழுதுவதற்காக அல்ல. எழுதச் சொன்னால் அவளுக்குக் கை வலிக்கும். ஆனால் எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று அந்த வகுப்பில் ஒரு விதி இருந்தது. ஆபரேட்டரம்மா வெறும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவாள். முப்பத்தாறு வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள், அதில் முதல் பத்து வருஷம் ட்ரங்க் கால் போர்டில். ஊருக்கு ஊர் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டர் கையால் வயரைச் செருகி இணைத்தால்தான் உண்டு என்றிருந்த காலம் அது. கல்யாணம், சாவு, கடன், காதல் எல்லாம் அவள் காது வழியாகத்தான் போக வேண்டும். ரிடையரான பிறகு அந்தச் சரக்கெல்லாம் கேட்க ஆளில்லாமல் உள்ளேயே கிடந்தது. வீட்டில் அவள் வாயைத் திறந்தால் மருமகன் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இங்கேயோ பதினெட்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழை பெய்தால்தான் கத்தும். ஆபரேட்டரம்மாவுக்கு யாராவது ஒருத்தர் "அப்புறம்?" என்றால் போதும்.

அந்த வியாழக்கிழமை "அப்புறம்?" என்றவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய பஸ் கண்டக்டர்.

"அப்புறமா? ஒன்பது பாயிண்ட் காதலன் கதை சொன்னேனா?" என்று ஆரம்பித்தாள். "ஒருத்தர் கால் புக் பண்ணியிருந்தாரு. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு. லைன் கிடைச்சதும் இவரு ஹலோ கூடச் சொல்லலை. 'பாயிண்ட் ஒண்ணு. நான் முடிக்கிற வரைக்கும் நீ எதுவும் பேசாத, கேட்டுக்கிட்டே இரு'ன்னாரு. பேப்பர்ல எழுதிவெச்சுப் படிக்கிறாருங்க. பாயிண்ட் ரெண்டு, தப்பு என் மேலதான். அவ்வளவுதான், அந்தப் பொண்ணு டக்குனு வெச்சிட்டா. போர்டுல விளக்கு எரியுது. இவருக்கு அது தெரியுமா? பாயிண்ட் மூணுன்னு ஆரம்பிச்சிட்டாரு."

வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. ஆபரேட்டரம்மாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. எழுந்து நின்றுகொண்டாள்.

"நான் ஹெட்செட்டைக் கழட்டி நடுவுல பிடிச்சேன். நாங்க நாலு பொண்ணுங்களும் தலையை ஒட்டவெச்சுக் கேட்கிறோம். பாயிண்ட் நாலு, 'உன் தையல் மெஷினை நான் விக்கலை, துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்.' காதலிக்குத் தர்ற வாக்கைப் பாருங்க, தையல் மெஷின்! எங்களுக்கு வயிறு புண்ணாயிடுச்சு. ஒன்பதும் படிச்சு முடிச்சு, 'பதில் இப்ப வேண்டாம், யோசிச்சு லெட்டர் போடு'ன்னாரு. யார்கிட்ட? செத்துப்போன லைன்கிட்ட!"

"நம்ம பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸை விட மோசமா இருக்காரே, நடுவுல நிக்கவே மாட்டேங்கிறாரு" என்றார் கண்டக்டர். நாற்காலிகள் குலுங்கின. வகுப்பு நடத்தும் நூலகப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் சர்வேயர். நிலம் அளந்து ரிடையரானவர், எழுபத்தைந்து வயசு, வாய் திறப்பதே அபூர்வம். தேநீர் இடைவேளையில் அவராகவே ஆபரேட்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தனாவது பாயிண்ட்ல வெச்சாங்கன்னு சொன்னீங்க?"

"ரெண்டாவது முடிஞ்ச கையோட சார்! மீதி ஏழும் காத்தோடதான் போச்சு" என்று சொல்லி இன்னொரு தடவை சிரித்தாள்.

சர்வேயர் தலையை ஆட்டினார். குடிக்காத தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பாவம், சர்க்கரைக்காரர் போலிருக்கிறது, தேநீரில் சீனி கூடிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கும் முன்பே எல்லோரும் அந்த வாரத்துப் பாடத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'மறுபடி பார்க்க விரும்பும் ஒருவர்' என்பது தலைப்பு. வருஷக் கடைசியில் புத்தகமாகத் தைப்பதற்காக அவற்றை அடுக்கி ஸ்டேப்ளர் அடிக்கும் பொறுப்பை ஆபரேட்டரம்மாதான் வலிய வாங்கிவைத்திருந்தாள். அடுத்தவர் சமாசாரத்தை முதலில் படிக்கிற சந்தோஷத்தை விடுவாளா? எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு தாளாகப் படித்துக்கொண்டே வந்தவள், சர்வேயருடைய தாளை எடுத்தாள். ஏதோ கணக்குப் பாடம் போல எண் போட்டு எழுதியிருந்தார்.

"1. என் தங்கை. என்னைவிட ஏழு வயது சிறியவள்.

2. தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். நான் அவள் முகத்துக்கு எதிரே வாசல் கதவைச் சாத்தினேன்.

3. ஒரு வருடம் கழித்து என் தவறு புரிந்தது. நேரில் போக வெட்கமாக இருந்தது. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு ட்ரங்க் கால் போட்டேன்.

4. சொல்ல வேண்டியதை ஒன்பது பாயிண்டாக எழுதிவைத்துப் படித்தேன். குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள்.

5. பதில் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவள் மனம் இரங்கவில்லை என்றால் இனி நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

6. ஆறு வருடங்களுக்கு முன் அவள் இறந்துபோன செய்தி வந்தது. நான் போகவில்லை."

ஆபரேட்டரம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். கண்டக்டர் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்து, "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார். அவள் அந்தத் தாளை மற்றத் தாள்களுக்கு அடியில் செருகினாள்.

விஷயம் அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எதிர்முனையில் ரிசீவரை வைத்துவிட்டால் போர்டில் விளக்கு எரியும். எரிந்தவுடன் குறுக்கே புகுந்து, 'சார், அந்தப் பக்கம் வெச்சிட்டாங்க' என்று சொல்ல வேண்டியது ஆபரேட்டரின் வேலை. அதைச் செய்யாதது ஒரு தப்பு. ஆனால் அவளை உலுக்கியது வேறொன்று. நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, சிரிப்புக்காக உப்பும் காரமும் சேர்த்து, அண்ணனைக் காதலனாக்கியவள் அவள்தான். கதையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எறிந்தவளும் அவள்தான். இப்போது அந்தத் துண்டு சத்தத்தோடு ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் கோபத்தில் வைக்கவில்லை. இரண்டாவது பாயிண்ட் முடியும்போது பள்ளிக்கூட மணி அடித்தது. "அண்ணே... அண்ணே..." என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். இவர் மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே இருந்தார். அவள் குரல் இவர் காதில் விழவில்லை. "பெல் அடிச்சிடுச்சுண்ணே, க்ளாஸ் இருக்கு. நாளைக்கு இதே நேரம் கூப்பிடு, பேசலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். உலகத்திலேயே அதைக் கேட்ட ஒரே ஆள் ஆபரேட்டரம்மா. மணி அடித்ததால் வைத்தாள் என்று சொன்னால் யார் சிரிப்பார்கள்? அதனால் மணியை எடுத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தன்னை நினைத்தாலே கூசியது. குளித்துவிட்டு வந்து கண்ணாடியில் தலை சீவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சீவினாள். தாளாமல் ஒரு நாள் மகளிடம் சொன்னாள்.

மகள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "விடும்மா. அந்தத் தங்கச்சியே போயாச்சு. இப்பப் போய்ச் சொன்னா அவருக்கு இன்னும்தானே வலிக்கும்? கோவத்துல வெச்சிட்டான்னே இருந்துட்டுப் போகட்டும்."

"அவருக்கு வலிக்கும்னுதான் சொல்றியா, எனக்கு அசிங்கமா இருக்கும்னு சொல்றியா?"

"ரெண்டும்தான்" என்றாள் மகள்.

பெற்ற மகளாயிற்றே, பொய் சொல்லத் தெரியவில்லை. ஆபரேட்டரம்மாவும் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினாள். அவர் நல்லதுக்குத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைக்கும்போது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆறாவது எண் நினைவுக்கு வந்தது. இறந்த செய்தி வந்தது, நான் போகவில்லை. அந்த மனுஷன் வைராக்கியத்தில் போகாமல் இருந்தாரே, அந்த வைராக்கியத்துக்கு அஸ்திவாரம் போட்டவள் நாமல்லவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ஜன்னலோரத்து நாற்காலி காலியாக இருந்தது. "அக்கா, இன்னைக்கு எந்தக் கதை?" என்று கண்டக்டர் கேட்டார். தொண்டை சரியில்லை என்றாள். வகுப்பு முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் சர்வேயரின் விலாசத்தைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிப் போய்விடலாமா என்றும் ஒவ்வொரு திருப்பத்திலும் தோன்றியது. சர்வேயரே கதவைத் திறந்தார். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. "வாங்க" என்று சொல்லி நாற்காலியில் இருந்த செய்தித்தாள்களை எடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அறை படுசுத்தம். அலமாரியில் சுருட்டிய வரைபடங்கள், ஒவ்வொன்றிலும் ஊர் பேர் எழுதி ஒட்டியிருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசி வெகுகாலம் ஆன அறை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"உங்க பேப்பரைப் படிச்சிட்டேன் சார்" என்றாள்.

"தெரியும். நீங்கதானே ஸ்டேப்ளர் அடிக்கிறீங்க."

"நான் சொன்ன கதை பொய் சார். அதாவது, பாதி பொய்."

தண்ணீரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். விளக்கு எரிந்தது, தான் சொல்லாமல் விட்டது, ஹெட்செட்டை நடுவில் பிடித்தது, மணி அடித்தது. வாய் வலிக்காமல் ஆயிரம் கதை சொன்னவள் இந்த ஒன்றை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

சர்வேயர் செய்தித்தாள்களை ஓரம் பார்த்து அடுக்கினார். பிறகு, "அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க. நீங்க எதுவும் சேர்க்காதீங்க" என்றார்.

"'பெல் அடிச்சிடுச்சுண்ணே, க்ளாஸ் இருக்கு. நாளைக்கு இதே நேரம் கூப்பிடு, பேசலாம்.'"

"கூப்பிடுன்னாளா, கூப்பிடுங்கன்னாளா?"

"கூப்பிடுன்னுதான் சார்."

"கோவமா இருந்தா 'ங்க' போட்டுத்தான் பேசுவா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோனது. பிறகு முழங்கையை மேசையில் ஊன்றி இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை அழுத்திக்கொண்டார். "மறுநாள் அந்த நேரத்துக்கு ஆபீஸ் ரூம்ல வந்து உட்கார்ந்திருப்பா. மறுநாளும் வந்திருப்பா. நான் இங்க தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்."

ஆபரேட்டரம்மாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வரும் வழியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மன்னிச்சிருங்கன்னு கேட்க எனக்கு யோக்யதை இல்லை சார். ஆனா அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. நல்லது கெட்டது தெரியாத வயசு. விளையாட்டுப் புத்தில சிரிச்சிட்டோம்."

சர்வேயர் கண்களிலிருந்து கையை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் எப்போதாவது சந்தேகம் கேட்பாரே, அந்தத் தொனிதான்.

"இருபத்திரண்டு வயசுல சிரிச்சதை நான் ஒண்ணும் சொல்லலைம்மா. என் மேலயும் தப்பு இருக்கு, பஸ் ஏறினா மூணு மணி நேரத்துல அவ ஊருதான், நான் போகலை. ஆனா போன வியாழக்கிழமை நின்னுக்கிட்டுச் சிரிச்சீங்களே, அது எந்த வயசு?"