பியூஸ் சும்மா போகாது

செய்யாத குற்றத்துக்காக நான் குட்டு வாங்கியது ஒரே ஒரு நாள்தான். செய்த குற்றங்கள் பலவற்றில் வாங்காமலே தப்பியிருக்கிறேன் என்பதால் இதைப் பெரிதாகப் பேசக் கூடாது. ஆனாலும் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கொத்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருந்தன. அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் ஐந்து பேர்தான்: அப்பச்சி, அதாவது என் அப்பா, பிறகு அம்மா, நான், சித்தப்பா, புதிதாகக் கல்யாணமாகி வந்த சித்தி. ஐந்து பேருக்கு இரண்டு அடுப்படி. எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணமான சில மாதத்தில் பிள்ளையையும் மருமகளையும் அதே வீட்டுக்குள்ளேயே 'வேறு வைத்து' விடுவார்கள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. அரிசி, பருப்பு, சட்டிபானை எல்லாம் கொடுத்து, நல்ல நாள் பார்த்துத் தனி அடுப்பில் பால் காய்ச்சச் சொல்லி, இனிமேல் உன் குடித்தனம் உன் பாடு என்று விட்டுவிடுவார்கள். அதன்பிறகு அந்த அடுப்படியில் அவள்தான் சமைக்க வேண்டும். அடுத்த அடுப்படிக் கரண்டி அங்கே நீளக் கூடாது.

இதில் ஒரே ஒரு சிக்கல், சித்திக்குச் சமைக்கத் தெரியாது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். வேறு வைத்த முதல் வாரம் சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். இரண்டாவது வாரத்திலிருந்து சித்தியின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்க ஆரம்பித்தார். அந்தக் கைப்பக்குவம் அம்மாவுடையது என்பது அம்மாவுக்கும் சித்திக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏற்பாடு இதுதான். அம்மா குழம்பை ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குச்சட்டியில் ஊற்றித் தருவாள். அதை ஒரு துண்டுக்குள் மறைத்து, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, நான் சித்தியின் அடுப்படிக்குக் கொண்டுபோவேன். சித்தி அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தன் மைக்ரோவேவ் அவனில் வைப்பாள். சித்தப்பா கைகழுவிக்கொண்டு வந்து உட்காரும்போது குழம்பு அப்போதுதான் இறக்கியதுபோல ஆவி பறக்கும். அந்த அவன் சித்தியின் சீரோடு வந்தது. அவளுடைய அப்பா தானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கி, ரயிலில் சென்னையிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அது உயரமான மேடையில் இருந்ததால் சித்தி என்னை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். பட்டனை அமுக்குவது நான். அதற்காகவே நான் நெருப்பில்கூடக் குதித்திருப்பேன்.

ஒருநாள் சித்தப்பா அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் சித்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூக்குச்சட்டியை அப்படியே உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி என்னைத் தூக்கினாள். நான் அமுக்கினேன். உள்ளே படபடவென்று நீலப் பொறி பறந்தது. சித்தி வயரைப் பிடுங்கினாள். கருகிய வாடை அடுப்படி முழுக்க அடித்தது. அன்றைக்குச் சித்தப்பா ஆறிப்போன குழம்பைத்தான் சாப்பிட்டார், அதையும் பாராட்டிக்கொண்டே.

அதற்குப் பிறகு அவனில் விளக்கு எரியும், தட்டு சுற்றும், எண்கள் ஒழுங்காகக் குறையும், முடிந்ததும் மணியும் அடிக்கும். உள்ளே வைத்தது மட்டும் சுடாது. சித்தப்பா லோ வோல்டேஜ் என்றார். பிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி இதற்கு மாட்டினார்; இது சுடவில்லை, பிரிட்ஜில் பால்தான் கெட்டது. அப்பச்சி எர்த் சரியில்லை என்று சொல்லிப் பின்கட்டில் எர்த் கம்பி புதைத்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். சித்தி யார் சொன்னதற்கும் தலையாட்டினாள்.

அந்த வாரம் பார்த்துத் தேவகோட்டையிலிருந்து அயித்தை வந்து இறங்கினாள். அப்பச்சிக்கு மூத்தவள். தாத்தா பாட்டி இல்லாத எங்கள் வீட்டில் அயித்தை சொன்னதுதான் சட்டம். மைக்ரோவேவைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணும் பாக்க வேணாம். சீரு சாமான்ல மட்டத்தைத் தள்ளிவிட்டுட்டாக. அவுகளுக்கே போனைப் போடு, வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. போன் போனால் அவளுடைய அப்பா தலைகுனிய வேண்டும். உண்மையைச் சொன்னால் இவ்வளவு நாளும் யார் சமைத்தது என்பது வெளியே வரும். அம்மாதான், முதலில் மெக்கானிக் ஒருவர் பார்க்கட்டும், அப்புறம் போன் போடலாம் என்று சொல்லித் தள்ளிப்போட்டாள்.

காரைக்குடியிலிருந்து ஒரு பாய் வந்தார். சவுதியில் ஹோட்டலில் இதே வேலை பார்த்தவராம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டு விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருந்தது. வயரைப் பிடுங்கிவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"பிளக்கைப் புடுங்குனாலும் இது கரண்டை வயித்துல வச்சிருக்கும். ஆளையே தூக்கிரும்."

ரப்பர் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை எங்கேயோ வைத்தார். டப்பென்று ஒரு வெடிச்சத்தம். அயித்தை இரண்டடி பின்னால் போனாள். பிறகு அவர் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கதவு சுவிட்ச் சரி. டிரான்ஸ்பார்மர் சரி. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பியூஸ் போயிருக்கு."

"அவ்வளவுதானா?" என்றார் சித்தப்பா.

"பியூஸ் சும்மா போகாது, தம்பி." மைக்ரோவேவுக்குள் கையை விட்டு, பக்கச் சுவரில் இருந்த மைக்கா அட்டையை உருவினார். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தது. "சாமான் நல்ல சாமான்தான். உள்ள யாரோ எவர்சில்வர் ஏனத்தை வச்சிருக்காக."

சித்தியின் அப்பா தப்பித்தார். சித்தி மாட்டிக்கொண்டாள். அயித்தை நேராகப் பாத்திர அலமாரிக்குப் போய்த் துழாவி, விளிம்பில் கருப்புப் புள்ளிகள் விழுந்த தூக்குச்சட்டியை வெளியே எடுத்தாள். எங்கள் பக்கத்தில் ஸ்பூனுக்குக்கூடப் பெயர் வெட்டாமல் விட மாட்டார்கள். தூக்குச்சட்டியின் கழுத்தில் இருந்த எழுத்துகளை அயித்தை கண்ணருகே வைத்துப் படித்தாள். அவை அம்மா பெயரின் எழுத்துகள்.

"உன் ஏனம் இங்குட்டு எப்படி வந்துச்சு?" என்று அம்மாவைக் கேட்டாள்.

சித்தி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா என் பக்கம் திரும்பி, நடு மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"எல்லாம் இவ வேலைதான். பட்டனை அமுக்கலேன்னா இவளுக்குப் பொழுது போகாது. நம்ம அடுப்படிக் குழம்பைத் தூக்கியாந்து இங்க வச்சு வெளையாண்டிருக்கா."

எனக்கு வலியைவிட அதிர்ச்சிதான். பட்டனை அமுக்கியது நான், வைத்தது நானில்லை என்ற நுட்பமான வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது குட்டு விழுந்தது.

"அக்கா, குழந்தையை அடிக்காதீங்க. நான்தான்..." என்றாள் சித்தி.

"நீ பேசாம இரு. அவளைக் காப்பாத்துறேன்னு பழியை உன் தலையில போட்டுக்காத," என்றாள் அம்மா.

அயித்தை சித்தியைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. "பிள்ளைக்காகப் பரிஞ்சு வர்றா பாரு. நல்ல மனசு," என்றாள். பாய் அந்த மேடையின் உயரத்தைப் பார்த்தார். என் உயரத்தையும் பார்த்தார். "பிள்ளைக செய்யிறதுதான், ஆச்சி," என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து புது மைக்கா அட்டையை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

மத்தியானம் சித்தி என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "வலிக்கலை சித்தி," என்று நானே அவளைத் தேற்றினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது இரண்டு அடுப்படிக்கும் நடுவில், வேறு வைத்த நாளிலிருந்து சாத்தியே கிடந்த கதவு திறந்திருந்தது. இந்தப் பக்கம் நின்று அம்மா ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் சித்தி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். என்னை இருவரும் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. அவளும் சமாதானத்துக்கு வரவில்லை. வந்தால் காரணம் சொல்ல வேண்டும், கோபத்தில் இருக்கிற என் வாயில் எதுவும் தங்காது. தலை பின்னும்போது மட்டும், குட்டிய இடத்தில் சீப்பு படாமல் சுற்றிச் சுற்றிச் சீவினாள். இவளுக்குச் சித்தி மேல்தான் பாசம், என்மேல் துளிகூட இல்லை என்று நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய வீட்டில், யாரையும் கேட்காமல் சித்திக்காக எடுத்துக் கொடுக்க அம்மாவுக்குச் சொந்தமென்று இருந்தது நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.