தலைச்சன் பிரசவம்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப்போய்த் தலைச்சன் பிரசவம் பார்ப்பது பிறந்த வீட்டின் பொறுப்பு. எனக்கும் கீழ்பென்னாத்தூரில், மாமியார் வீட்டில் வளையல் அடுக்கி, அப்பாவும் அம்மாவும் திருவண்ணாமலைக்குக் கூட்டிவந்தார்கள். அப்பா அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பினாங்கு போய் வந்தவராம். "அங்க வெயில் ஜாஸ்திங்களா? புழுங்கலரிசி கெடைக்குமா?" என்று அப்பா வழியெல்லாம் அவரிடம் கேட்டார். அண்ணன் அங்கே இருக்கிறானே, அதனால் கேட்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால், எங்கள் அடுப்படியில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் சமைத்துக்கொண்டிருந்தார்.

"வூட்ட வித்துட்டேம்மா. நானும் அம்மாவும் அண்ணனோடவே இருந்துடப் போறோம். அடுத்த வாரம் கப்பல். பெட்டிய எடுத்துக்க, சித்தி வூட்ல பெத்துக்கலாம்."

"மாமியார்கிட்ட சொல்லலியாப்பா?"

"சொன்னா உன்ன அனுப்புவாங்களா?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பிரசவம் ஆகாமல் மாமியார் வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தலைச்சனாம்மா? இதானே உன் பொறந்த வூடு? உள்ள வா."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார் அப்பா.

"நீங்க கப்பலப் பாருங்க. கொழந்தய நான் பாத்துக்கறேன்."

என் மகன் அந்த வீட்டுக் கூடத்தில்தான் பிறந்தான்.

கோபமெல்லாம் எப்போதோ தணிந்துவிட்டது. சில வருஷம் கழித்து அப்பா பேரனைப் பார்க்க வந்தார். "வாங்க" என்றேன். "வாங்கப்பா" என்று சொல்ல வாய் வரவில்லை.